மூன்றாம் ஓலை

குமாரதாஸுக்குப் பாட்டு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒருவன் செத்துவிட்டால் மறுநாளே அவன் பாடகனும் பரிசுத்தவானும் ஆகிவிடுவான். இவன் கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று, ராகம் ஒரு பக்கம் போக, தான் ஒரு பக்கம் போனவன். நிறுத்தச் சொன்னால் இன்னும் உரக்கப் பாடுவான். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் காது போயிற்று.

நான் செல்வதாஸ். இராஜாக்கமங்கலத்துக்கு வடக்கே மாங்குழிவிளைச் சபையில் உபதேசியார். எங்கள் போதகரை ஐயர் என்போம். அவருக்கு ஒன்பது சபைகள். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் இங்கே வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும் அறிவிப்பு வாசிப்பதும் என் வேலை. குமாரதாஸும் நானும் 1914ஆம் வருஷம் ஒரே மாதத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். அவனைப்பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், இல்லை. எழுதுவதற்கு வேறு ஆளும் இல்லை.

அவனுடைய அப்பா ஜேசுதாஸ் தென்னந்தோப்புகளைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்துப் பார்த்தவர். அம்மா தங்கபாய். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவன் ஒற்றைப் பிள்ளை. ஒற்றைப் பிள்ளைக்குச் செல்லம் அதிகம் என்பார்கள். தங்கபாய் அவனை அடிக்காத நாள் கிடையாது. அடித்துவிட்டு உடனே கூப்பிட்டுச் சோறும் போடுவாள். அடிக்கக் காரணமும் இருந்தது. கண்ணில் பட்ட எதையும் கழற்றிப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது.

பதினைந்து வயதில் ஒரு வேலை செய்தான். இராஜாக்கமங்கலம் சந்திப்பில் எங்கள் சபை ஆபேலுக்கு ஒரு கடை உண்டு. அங்கே கோலி சோடா அடிக்கிற மிஷின் ஒன்று நின்றுபோய்க் கிடந்தது. நாகர்கோவிலிலிருந்து ஆள் வரவேண்டும் என்று ஆபேல் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மத்தியானம் சாப்பிடப் போன நேரம் பார்த்து இவன் மிஷினைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டான். ஆபேல் திரும்பி வரும்போது பூட்டி முடித்து, முதல் பாட்டிலை வைத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். பாட்டில் வெடித்தது. கண்ணாடிச் சில்லு இடது புருவத்தைக் கிழித்தது. ஆபேலின் மகள் ராகேல், அப்போது பத்து வயதுப் பிள்ளை, உள்ளேயிருந்து ஒரு பழந்துணியை எடுத்து ஓடிவந்தாள். இவன் துணியை ஒரு கையால் புருவத்தில் அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் இரண்டாவது பாட்டிலை வைத்தான். அது சரியாக நிரம்பியது. ஆபேல் அடிக்கவும் மாட்டாமல் மெச்சவும் மாட்டாமல் நின்றார்.

படிப்பு அதோடு சரி. கருங்கல் போகிற பஸ்ஸில் கிளீனராக ஏறினான், பிறகு நாகர்கோவிலில் ஒரு மோட்டார் பட்டறை. அந்த நாட்களில் நான் உபதேசியார் வேலைக்குப் படிக்க நாகர்கோவிலில் தங்கியிருந்தேன். 1933இல் ஒரு நாள் பத்து மணிக்கு ஊரிலிருந்து ஏழு மைல் சைக்கிளில் வந்து இறங்கினான். வேட்டியெல்லாம் கிரீஸ்.

"ஒங்க அப்பா செத்துட்டாருலே. காலம்பற எட்டு மணிக்கு. சட்டையப் போடு, வா."

இப்படியா ஒருவன் சொல்லுவான்? உடம்பு கொஞ்சம் சுகமில்லை, உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவதுதானே உலக வழக்கம். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேட்டேவிட்டேன்.

"நான் மறைச்சிருந்தா என்ன செய்திருப்ப?" என்றான். "ஏழு மைலும் உசிரோட இருக்காருன்னு நெனச்சுட்டே வந்திருப்ப. பெறவு முத்தத்துல ஆள் கூட்டத்தக் கண்டு தெரிஞ்சிருப்ப. அது களவுலே. ஒனக்குள்ள துக்கத்த நான் எதுக்குக் களவாண்டு வைக்கணும்?"

எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை. சரி என்று மனசுக்குப் பட இரண்டு மாதம் ஆயிற்று.

1935இல் தங்கபாயின் தம்பி அவனைச் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் மோட்டார் பட்டறை. பிறகு விமானம் இறங்குகிற மைதானத்தில் எஞ்சின் கழற்றிப் பூட்டுகிற வேலை. கடிதங்கள் ஜேசுதாஸ் பெயருக்கு வரும். இருவருக்கும் எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆகையால் வாசிப்பது நான். தங்கபாய் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். விமானம் என்றால் என்ன என்று அவளுக்கு நான் விளக்கவேண்டும். எனக்கே தெரியாததை நான் விளக்க, அவள் அதில் சந்தேகம் கேட்க, ஒரு கடிதம் வாசித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும்.

1938 சித்திரையில் லீவில் வந்தான். சட்டைப்பையில் பேனா, கையில் வாட்ச், புருவத்தில் அந்தப் பழைய தழும்பு. வந்த மூன்றாம் நாள் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், மணலைப் பார்த்துக்கொண்டே, "நீ ஆபேல்கிட்ட ஒரு வார்த்த பறயணும்" என்றான். ராகேலுக்கு அப்போது பத்தொன்பது வயது. நாகர்கோவில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வீட்டில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். ஆபேல் என்னைக் கடைக்குள் உட்கார வைத்து ஒரு மணி நேரம் குறுக்குவிசாரணை செய்தார்.

"இவன் ஆகாசத்துல ஏறுவானா, தரையில நிப்பானா? அத மட்டும் சொல்லும்" என்றார்.

"தரையிலதான். எஞ்சின் பூட்டுற வேல. கருங்கல் பஸ்ஸுக்குப் பூட்டினானே, அது மாதிரி" என்றேன். அன்றைக்கு அது உண்மைதான். அந்த உண்மையின் பேரில் பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்தார். நிச்சயம் நடந்தது. அடுத்த லீவில் கல்யாணம் என்று பேசிக்கொண்டு அவன் கப்பல் ஏறினான்.

1939 ஆரம்பத்தில் ஒரு கடிதம் வந்தது. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குச் சாயங்காலங்களிலும் லீவு நாட்களிலும் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற தொண்டர் படை ஒன்று இருக்கிறதாம். அதில் சேர்ந்துவிட்டானாம். "எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறவன், அது மேலே போய் என்ன பாடுபடுகிறது என்று ஒரு தரமாவது பார்க்கவேண்டாமா" என்று எழுதியிருந்தான். இது அவன் குணம்தான், தொட்டில் பழக்கம்.

ஜேசுதாஸ், "மேல போச்சில ஒடம்பக் கட்டிக்கிட்டு இருப்பானா, சும்மா இருப்பானா?" என்று கேட்டார். வாரால் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள் என்றேன். தங்கபாய், "மேல போனா தண்ணி தவிக்காதா மக்கா?" என்று கேட்டாள். ஆபேல் என் வீட்டுக்கே வந்துவிட்டார். தரை என்று சொல்லிப் பெண் கேட்டது நீர்தானே என்று சண்டை. நான், "வண்டியும்தான் கவிழும், வள்ளமும்தான் கவிழும், கெழவனும் படி தடுக்கிச் சாவான்" என்று என்னென்னவோ சொல்லி அவரைச் சமாதானம் செய்து அனுப்பினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் நன்றாகவே பிழைத்தது.

ஆவணியில் எழுதினான்: முதன்முதலாகத் தனியே எழும்பி, பத்து நிமிஷம் சுற்றி, நல்லபடி இறங்கிவிட்டேன், இறங்கின பிறகுதான் முழங்கால் ஆடிற்று, அம்மாவிடம் முழங்கால் சங்கதியைச் சொல்லவேண்டாம். நான் சொல்லவில்லை. கடைசி வரியில் எப்போதும்போல, "ஆபேல் மாமா வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று இருந்தது. எல்லாரையும் என்றால் ஒரே ஆளைத்தான். அதை வாங்கிக்கொள்ள ராகேல் ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் கிணற்றடியில் ஏதாவது சாக்கில் நிற்பாள். நான், "எல்லாரையும் கேட்டான்" என்பேன். "எல்லாரும் சுகம்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விடுவாள்.

அந்த மாதமே யுத்தம் வந்தது. அவனுக்கு எஞ்சின் வேலை போய் முழுநேரமும் பயிற்சி என்றாயிற்று. யுத்தம் சீமையில் நடக்கிறது, இங்கே ஒன்றுமில்லை என்று எழுதினான். கல்யாணத்துக்கு ஒரு மாதம் லீவு தந்திருந்தார்கள். டிசம்பர் எட்டாம் தேதி கப்பல், கிறிஸ்துமஸ் கழிந்து புதன்கிழமை கல்யாணம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை, பெண் பெயர்களைச் சபையில் வாசித்து, தடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது வழக்கம். அதற்கு ஓலை வாசிப்பு என்று பெயர். வாசித்து, சற்று நேரம் நின்று, யாரும் எழும்பாவிட்டால் ஓலைப் புத்தகத்தில் தடையில்லை என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். ஒன்றும் இரண்டும் வாசித்துவிட்டு மூன்றாவதை வாசிக்காமல் விட்டால் அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். யாரோ ரகசியமாகப் பெண்ணைப்பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றும் தடையில்லாமல் கடந்துவிட்டால் பெண் பாதி அந்த வீட்டுக்காரி என்பது பழைய ஆட்களின் கணக்கு. அவன் வந்து இறங்குமுன் ஓலை முடிந்திருக்கட்டும் என்று நவம்பர் பத்தொன்பதாம் தேதி முதல் ஓலை, இருபத்தாறில் இரண்டாம் ஓலை வாசித்தேன். மூன்றாவது டிசம்பர் மூன்று.

டிசம்பர் இரண்டாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நான் பள்ளிக்கூட மேசையில் உட்கார்ந்து ஓலைப் புத்தகத்தில் மறுநாளைக்குரியதை எழுதிக்கொண்டிருந்தேன். தந்தி சேவகர் பொன்னுலிங்கம் நாகர்கோவிலிலிருந்து சைக்கிளில் வந்தார். எங்கள் ஊருக்கு யாருக்குத் தந்தி வந்தாலும் அவர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இங்கிலீஷ் வாசிக்க நான்தானே.

"ஜேசுதாசுக்குள்ளது. மாப்பிள கப்பல் ஏறிட்டாரு போல" என்றார்.

எட்டாம் தேதிக் கப்பல்தான் முந்திவிட்டதாக்கும் என்று நானும் நினைத்துப் பிரித்தேன். வருந்துகிறோம். உங்கள் மகன் குமாரதாஸ் முப்பதாம் தேதி பயிற்சி விமான விபத்தில் இறந்தார். விவரம் கடிதத்தில்.

மூன்று தடவை வாசித்தேன். இங்கிலீஷில் எனக்குத் தெரியாத வார்த்தை ஏதாவது இருக்காதா என்று பார்த்தேன். எல்லாம் தெரிந்த வார்த்தைகள். பொன்னுலிங்கம் என் முகத்தைப் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

உடனே போகத்தான் செய்தேன். அதைக் கர்த்தர் அறிவார். தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜேசுதாஸ் வீட்டுக்குப் போனேன். அவர் ஏணியில் நின்று சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் சுண்ணாம்பு. தங்கபாய் முற்றத்தில் பாய் விரித்துப் பலகாரத்துக்கு அரிசி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"மக்கா, கடுதாசி உண்டா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

கடுதாசி இல்லை, தந்திதானே, அதனால் நான் சொன்னது பொய்யில்லை என்று எனக்குள்ளேயே ஒரு நியாயம் பேசிக்கொண்டேன். மனுஷன் புத்தி எப்படியெல்லாம் போகிறது பாருங்கள். தங்கபாய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து தந்தாள். குடித்தேன். ஜேசுதாஸ் ஏணியிலிருந்தே, "இந்தச் செவரு போருமா, வெளியயும் அடிக்கணுமா?" என்று கேட்டார். வெளியேயும் அடித்தால் நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளைக்கு ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் இருக்கும்போது சொன்னால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. எனக்குப் பயம், அவ்வளவுதான். தங்கபாயின் முகத்தைத் தனியாக நின்று பார்க்க எனக்குப் பயம். ஏழு மைல் சைக்கிள் மிதித்து வந்து என் முகத்துக்கு நேரே சொன்னவன் அவன். அவன் வீட்டு முற்றத்தில் நின்று மோர் குடித்துவிட்டு வந்தவன் நான்.

ஞாயிறு காலையில் கோயில் நிறைந்திருந்தது. மூன்றாம் ஓலை என்பதால் இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, அறிவிப்பு வந்தது. ஓலைப் புத்தகம் கையில். அப்போதுதான் எனக்கு அந்த இக்கட்டு முழுசாக உறைத்தது. நேற்றுச் சொல்லியிருந்தால் ஓலையே இல்லை. இப்போது வாசிக்காமல் விட்டால் நூற்றைம்பது பேரும் திரும்பி ராகேலைப் பார்ப்பார்கள். இப்போதே சொல்லிவிடலாம் என்றால், எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? ஆழம் தெரியாமல் இறங்கிவிட்டேன். கையில் எழுதி வைத்தது இருந்தது. அதை வாசித்தேன்.

"இந்தச் சபையைச் சேர்ந்த ஜேசுதாஸ் மகன் குமாரதாஸுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த ஆபேல் மகள் ராகேலுக்கும் பரிசுத்த விவாகம் செய்ய நியமித்திருக்கிறது. இவர்கள் விவாகத்துக்குத் தடை யாருக்காவது தெரிந்தால் இப்போது சொல்லவேண்டும். இது மூன்றாம் முறை."

வாசித்துவிட்டு வழக்கம்போல நின்றேன். தடை தெரிந்த ஒரே ஆள் அந்தக் கோயிலில் நான்தான். யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கம் நான் பார்க்கவில்லை. பேனாவை எடுத்துத் தடையில்லை என்று எழுதி, 3-12-39 என்று தேதி போட்டு, கையெழுத்து வைத்தேன்.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்த பிறகு ஜேசுதாஸின் கையைப் பிடித்துச் சொல்லி, தந்தியையும் அதில் வைத்தேன். தந்தி எப்போ வந்தது என்று ஆபேல் கேட்டார். "இப்பத்தான்" என்றேன். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. தங்கபாய் கோயில் முற்றத்து மணலில் உட்கார்ந்தாள்.  மணலை அள்ளி மடியில் போட்டுக்கொண்டே இருந்தாள். 

மூன்றாம் நாள் ராகேல் வெள்ளைப் புடவை கட்டி, ஒரு தகரப்பெட்டியோடு ஜேசுதாஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆபேல் வந்து கையைப் பிடித்து இழுத்தார். "மூணு ஓலையும் ஆச்சு அப்பா. தடை ஒண்ணும் வரல்ல. நான் இஞ்சதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டாள். தங்கபாய் அதுவரை பச்சைத்தண்ணீர் தொடவில்லை. ராகேல் கஞ்சி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தாள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. மின்னுத்தாலி ஏறாத கழுத்துக்கு எதற்கு வெள்ளை என்று ஒரு கட்சி. ஓலை முடிந்தவளைப் பிரிக்க நீங்கள் யார் என்று இன்னொரு கட்சி.

பதினெட்டாம் தேதி அவனுடைய படை அதிகாரியின் கடிதம் வந்தது. காலை எட்டரை மணிக்குப் பயிற்சி கொடுப்பவரும் இவனும் எழும்பியிருக்கிறார்கள். முந்நூறு அடி போவதற்குள் எஞ்சின் நின்றிருக்கிறது. மைதானத்துக்குத் திரும்பிவிடலாம் என்று வளைத்திருக்கிறார்கள். வளைவில் சாய்ந்து, சதுப்பில் தலைகீழாய் விழுந்துவிட்டது. இருவரும் அந்த இடத்திலேயே முடிந்தார்கள். நின்ற எஞ்சின் இவன் பூட்டியதல்ல என்றும், இருபத்தேழு மணி நேரம் நன்றாகப் பறந்தவன் என்றும், அங்கேயே கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் செய்தோம் என்றும் எழுதியிருந்தார். ஒரு வரி விடாமல் வாசித்தேன். அந்த ஒன்றையாவது நேராகச் செய்தேன்.

"கண்ண மூடினது யாரு?" என்று தங்கபாய் கேட்டாள். கடிதத்தில் அது இல்லை. இல்லை என்றே சொன்னேன். ராகேல் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆபேல் எங்கள் ஐயருக்குக் கடிதம் எழுதினார். அஞ்சுகிராமத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் ராகேலைக் கேட்கிறார்கள், வெள்ளையைக் களைந்து வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்று. டிசம்பர் இருபத்தேழாம் தேதி, கல்யாணம் குறித்திருந்த அதே புதன்கிழமை, ஐயர் வந்தார். கோயிலை ஒட்டின சிறு அறையில் அவர், நான், ஆபேல், ஜேசுதாஸ், தங்கபாய், ராகேல். ஓலைப் புத்தகம் மேசையில் திறந்திருந்தது.

"அவன் செத்தது வியாழக்கிழமை. ஓலை வாசிச்சது ஞாயிற்றுக்கிழமை. செத்தவனுக்கு ஏது ஓலை?" என்றார் ஆபேல்.

ஐயர் நிதானமானவர். "இறந்தது வியாழன்தான். ஆனால் சபைக்கு அது ஆராதனைக்குப் பிறகுதான் தெரிந்தது. அறியாமல், உண்மையாய் வாசித்த ஓலையைப் பொய் என்று நான் தள்ளமாட்டேன். இந்தப் பெண் இங்கே இருக்க விரும்பினால் இருக்கட்டும். நீரும் தடுக்கக் கூடாது. அறிந்து வாசித்திருந்தால் வேறு. அப்போது அது ஓலையே அல்ல, இவள் உம்முடைய வீட்டுப் பெண்." பிறகு என்னைப் பார்த்தார். "தந்தி ஆராதனைக்குப் பிறகு வந்ததுதானே? தந்தியை நான் பார்க்கவேண்டாம். உபதேசியார் சொன்னால் போதும்."

போதும் என்றாரே, அந்த ஒரு வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது. இருபது வயதுப் பெண், என் ஒரு பொய்யில் ஆயுசுக்கும் வெள்ளை உடுத்து உட்கார்ந்திருக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவளை விடுதலை செய்கிறேன் என்று நினைத்தேன். வேலை போனால் போகட்டும். 

"சனிக்கிழமையே வந்துட்டு ஐயரே. மூணு மணிக்கு. தெரிஞ்சுதான் வாசிச்சேன்."

 ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, நான் தடையில்லை என்று எழுதியிருந்ததன்மேல் ஒரு கோடு இழுத்தார். ஆபேல் எழுந்து, "வா மக்களே, போவோம்" என்றார். அவர் குரலில் ஜெயித்த சத்தம் இல்லை, அழுகைதான் இருந்தது.

ராகேல் என் முன்னால் வந்து நின்றாள்.

"தந்தியில ரெண்டாம் தேதின்னு ஆபீசு முத்திரை போட்டிருக்கு உபதேசியாரே. அவிய வீட்டுக்குப் போன அன்னைக்கே வாசிச்சேன்" என்றாள். "நீங்க ஓலை வாசிக்கச்சில ஒங்க தொண்டை அடைச்சுது. கூட்டுக்காரன் கல்யாணம்னு சந்தோசத்துல அடைக்குன்னு நெனச்சேன். தேதியப் பாத்ததும் ஒங்க மேல அப்படி ஒரு கோவம் வந்து. பெறவு யோசிச்சேன். நீங்க பயந்ததுனாலதான் எனக்கு அவிய வீடு கெடச்சு. அதுக்காவ ஒருத்தர்ட்டயும் மிண்டாம இருந்தேன். நானே மிண்டாம இருக்கும்போ, நீங்க எதுக்குச் சொன்னிய?"

உன் நன்மைக்குத்தான் என்று வாய் வரை வந்தது.  அவள் தலையைக் குனிந்துகொண்டு அப்பாவின் பின்னால் வெளியே போனாள்.

தங்கபாய் பெஞ்சில் கையை ஊன்றி எழுந்தாள். பிறந்த நாள் முதல் என்னை மக்கா என்றே கூப்பிட்டவள்.

"உபதேசியாரே," என்றாள், "அன்னைக்கு வாயத் தொறக்க வேண்டிய எடத்துல மூடினிய. இன்னைக்கு மூட வேண்டிய எடத்துல தொறந்துட்டிய. எனக்கு மிச்சம் இருந்தது அவ ஒருத்திதான்."

சொல்லிவிட்டு, ராகேலின் தகரப்பெட்டியை எடுத்துக் கொடுக்கிறதற்காக வீட்டுக்கு நடந்தாள்.